ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க

இனிச் செத்தாலும் மச்சான் வீட்டு ஹாலில் படுப்பதில்லை என்று வீரமுத்து சபதம் செய்தபோது காலை மணி நாலே முக்கால். வாயில் பிரஷ் இருந்தது. அதனால் சபதம் நுரையும் உறுமலுமாகத்தான் வெளியே வந்தது. தன் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி மட்டும் அதைக் கேட்டுக்கொண்டது. அந்த வீட்டில் அவன் பேச்சைக் குறுக்கே விழாமல் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான்.

வீரமுத்து மலாக்கா பக்கம் டுரியான் துங்காலில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஐந்தரை மணிக்கு முதல் கேட்டில் ஹார்ன் அடிக்க வேண்டும். வேனுக்குள் முப்பது பிள்ளைகள் கத்தினாலும் அவன் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் போதும், முப்பது வாயும் மூடிக்கொள்ளும். வீட்டில் மனைவி கோமளா, மகள்கள் ஷாந்தினி, ராகினி என்று மூன்றே வாய்கள். அவன் எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றும் மூடாது.

இப்படி இருட்டிலேயே எழுந்து எழுந்து தேய்ந்தவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி, நல்ல மெத்தையில் கைகாலை அகட்டிப் படுக்க வேண்டும். வெயில் முகத்தில் அடித்த பிறகு எழுந்திருக்க வேண்டும். தூக்கத்தைக் கடையில் கட்டி விற்றால் கடன் சொல்லியாவது வாங்கியிருப்பான். விற்பதில்லை. பள்ளி விடுமுறையில்தான் அது கிடைக்கும். பள்ளி விடுமுறை என்றால் கோலாலம்பூர். கோலாலம்பூர் என்றால் மச்சான் வீடு. அங்கேதான் அவன் தூக்கத்தின் சமாதி இருந்தது.

கோமளாவின் அண்ணன் புவனேஸ்வரன் ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். செந்தூலில் அடுக்குமாடி வீடு. ஓர் அறை, ஒரு ஹால், ஒரு கட்டில். பெண்டு பிள்ளைகளுக்கு அறை, ஆம்பிளைகளுக்கு ஹால். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக இதுதான் சட்டம். விளக்கை அணைத்ததும் மச்சான் பக்கத்துப் பாயில் இருந்து, "மாப்ள, டீசல் எஞ்சின்னா உங்களுக்கு என்னன்னு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். வேன் ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வி! "தெரியும்" என்றால் எவ்வளவு தெரியும் என்று பரீட்சை வைப்பார். "தெரியாது" என்றால் விளக்குவார். பேசாமல் இருந்தால், "தூங்கிட்டீங்களா மாப்ள?" என்று தட்டி எழுப்பிக் கேட்பார். ஜோகூர் ரயிலாவது எங்கேயாவது நிற்கும். மச்சான் நிற்க மாட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் மனைவி இந்திராதேவி தோசைக்கல் போட அடுப்படிக்குப் போவார். பாவம், யார் காலையும் மிதித்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொலுசைக் கையால் பொத்திக்கொண்டு, வீரமுத்துவைத் தாண்டிப் போவார். அந்த அமைதியில்தான் அவனுக்கு விழிப்பு வந்துவிடும்.

சபதம் செய்துவிட்டான். கோமளாவிடம் எப்படிச் சொல்வது? அதற்கு ராகினியின் டீச்சர் உதவிக்கு வந்தார்.

ராகினி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. 'நான் கழித்த விடுமுறை' என்று கட்டுரை எழுதியிருந்தாள். "நாங்கள் கோலாலம்பூர் சென்றோம். மாமா வீட்டில் தங்கினோம். அத்தை தோசை சுட்டார். மாமாவும் அப்பாவும் ஹாலில் படுத்தனர். அப்பா குறட்டை விட்டார். பின்னர் வீடு திரும்பினோம்." மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் எழுதிய அதே கட்டுரை, எழுத்துப் பிழை மட்டும் குறைந்திருந்தது. கீழே டீச்சர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'கோலாலம்பூரில் வேறு எதுவும் இல்லையா?'

வீரமுத்து நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான். கோமளா பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா கோமளா? மானம் போகுது. கோலாலம்பூர்ல வேற ஒன்னும் இல்லையான்னு டீச்சர் கேக்கறாங்க."

"நீங்க கொறட்டை விட்டதுக்கு மானம் போகலையா?"

"அது உங்கண்ணன் விட்டது. பிள்ளைக்கு இருட்டுல ஆளு தெரியல."

"எங்கண்ணன் ராவெல்லாம் பேசிக்கிட்டே இருக்காருன்னு சொல்றீங்க. எப்ப கொறட்டை விட்டாரு?"

வீரமுத்து அந்தப் பாதையை விட்டு வண்டியைத் திருப்பினான்.

"நான் என்ன சொல்றேன்னா, இந்த வாட்டி பிள்ளைங்களுக்கு ஊரைக் காட்டணும். டவுனுக்கு நடுவுல, குடும்பத்தோட தங்கற மாதிரி, ஒரு ஹோட்டல்..."

கத்தி நின்றது.

நிற்கத்தான் செய்யும். சொந்தக்காரன் வீடு இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்குவது என்றால் சும்மாவா? "ஏன், எங்க வீட்டுல சோறு தண்ணி இல்லையா?" என்ற கேள்வி ஒன்று எழும். எழுந்தால் மூன்று தலைமுறைக்கு உட்காராது. வீரமுத்துவின் சித்தப்பா ஒருத்தர், பினாங்கில் பங்காளி வீட்டை வைத்துக்கொண்டு ஹோட்டலில் தங்கினார். அதற்குப் பிறகு அவரை ஒரு கல்யாணத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. கருமாதிக்கு மட்டும் சொன்னார்கள். அதுவும் வாட்ஸ்அப்பில்.

கோமளா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கத்தி மறுபடி நறுக்க ஆரம்பித்தது.

"சரி," என்றாள்.

வீரமுத்து பதினைந்து ஆட்சேபணைகளுக்குப் பதினைந்து பதில் தயாரித்து வைத்திருந்தான். ஒன்றைக்கூட உபயோகிக்க முடியவில்லை. பூட்டியிருக்கும் என்று நினைத்த கதவைத் தோளால் இடித்தவன் உள்ளே போய்க் குப்புற விழுந்த மாதிரி ஆயிற்று.

"சரியா?"

"சரிதான்லா. நீங்களே நல்லதாப் பாருங்க. ஆனா பாக்கறதை ஒழுங்காப் பாருங்க."

அன்றிலிருந்து பத்து நாள் வீரமுத்து போனும் கையுமாகத் திரிந்தான். கோலாலம்பூரில் இத்தனை ஹோட்டலா! ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு கட்டிலில் குதித்தது. எல்லாப் படத்திலும் அப்பன்காரன் முகத்தில் நன்றாகத் தூங்கிய களை. வீரமுத்து அந்த அப்பன்களைப் பார்த்து ஏங்கினான்.

படம் பார்ப்பது அவன் வேலை. கேள்வி கேட்பது கோமளாவின் வேலை.

"கக்கூஸ்ல தண்ணிக் குழாய் இருக்கா? பேப்பர் மட்டும்னா நான் வரல."

"இருக்கு."

"தண்ணி சூடு பண்ற ஜக்கு?"

"இருக்கு."

"நீச்சல் குளத்துல சின்னப் பிள்ளைக்கு ஆழம் கம்மியா ஒரு பக்கம்?"

"இருக்கு, இருக்கு."

"காலையில பசியாறைக்கு மாட்டுக் கறியைத் தனியா வெச்சிருப்பானா, எல்லாத்துக்கும் ஒரே கரண்டியா?"

வீரமுத்து போனைத் தடவித் தடவிப் பார்த்தான். ஒரே கரண்டியா என்று எந்த ஹோட்டலும் படம் போடவில்லை.

"கட்டில் எத்தனை?"

"ரெண்டு. ஒவ்வொன்னும் நம்ம வேன் அகலம்."

"ம்," என்றாள் கோமளா. "கட்டில் நல்லா இருக்கணும். மத்தது முன்னே பின்னே இருந்தாலும் பரவால்ல. விரிப்பு சுத்தமா, வெள்ளையா இருக்கணும்."

அடடா, புருஷன் தூக்கத்தில் இவளுக்கு இத்தனை அக்கறையா என்று வீரமுத்து உருகிப்போனான். பத்தொன்பது வருஷமாக இவளைத் தப்பாகவே நினைத்துவிட்டோமே!

பக்கத்து வீட்டு அம்பிகைபாகன் பொதுப்பணி இலாகாவில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்தார். எதையும் எழுத்தில் வாங்காமல் நம்ப மாட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே வீரமுத்துவுக்கு மந்திரம் ஓதினார்.

"ஐசே வீரமுத்து, ஹோட்டலெண்டா படத்தைப் பார்த்து எடுக்கப்படாது. ஒரு அறைக்கு எத்தினை பேர் எண்டு எழுத்திலே கேளும்."

"எதுக்கு சார்?"

"எதுக்கோ? நான் ஒருக்காப் போட்டிக்சன் கடற்கரைக்குப் போனனான். ரெண்டு பேருக்குத்தான் அறை. மனிசியின்ர ஆக்கள் பதினொரு பேர் பின்னாலே வந்து இறங்கிட்டினம்."

"அப்ப நீங்க என்ன சார் பண்ணீங்க?"

"நானோ? காருக்குள்ளே படுத்தனான்."

வீரமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே ஷாந்தினியைக் கூப்பிட்டான். பதினைந்து வயது, மூன்றாம் படிவம், வீட்டில் ஆங்கிலத்தில் எழுதும் உத்தியோகம் அவளுக்குத்தான். அவள் ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டாள். பதில் வந்தது: அறைக்கு ரெண்டு பெரியவர், ரெண்டு பிள்ளைகள். அதற்கு மேல் ஒருத்தரும் தங்க அனுமதி இல்லை.

அந்த வரியைக் கண்டு வீரமுத்து அடைந்த ஆனந்தத்துக்கு அளவே இல்லை. அது ஹோட்டல் விதியா? கோட்டைச் சுவர்! மச்சான் குடும்பம் பார்க்க வந்தாலும் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். இரவு பாய் போட முடியாது. எஞ்சின் பேச முடியாது.

"ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க," என்று சாப்பிடும்போது சொன்னான். "அஞ்சாவது ஆளு, ஈ எறும்பா இருந்தாலும், உள்ள விட மாட்டான். எழுத்துல வாங்கிட்டேன்."

"அவ்வளவு கண்டிஷனா?" என்றாள் கோமளா.

"அவ்வளவு கண்டிஷன்."

"நல்லதாப் போச்சு," என்று அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

ஷாந்தினி அறையைப் பதிவு செய்தாள். வீரமுத்து தாளை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ் பத்திரங்களோடு வேனில் வைத்தான். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பான். ஆங்கிலம். நிறையப் பொடி எழுத்து. மேலே பெரிதாக 'உறுதி செய்யப்பட்டது' என்று இருந்ததை மட்டும் படிப்பான். அது போதும்.

ஒரே ஒரு முள் மட்டும் மிச்சம்.

"கோமளா, உங்கண்ணனுக்கு..."

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க வாயைத் தொறக்காதீங்க."

"ஒரு வார்த்தைகூடத் தெரியக் கூடாது."

"நீங்க ஒரு வார்த்தையும் சொல்ல வேணாம்னுதான் நானும் சொல்றேன்."

ரெண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறோம் என்று வீரமுத்து நினைத்துக்கொண்டான்.

விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை புறப்பட்டார்கள். ஆயர் கெரோ டோலைத் தாண்டியதும் வீரமுத்து பாட்டுப் பாடினான். சிரம்பான் வந்ததும் விசில் அடித்தான். முப்பது பிள்ளைகள் அடைகிற வேனில் நாலே நாலு பேர். ஒரு சொந்தக்காரர் இல்லை, ஒரு முறுக்கு டின் இல்லை, வழியில் இறக்கிவிடச் சொல்லும் அத்தை மகன் இல்லை. பின் ஸீட்டுகள் காலியாகக் குலுங்கின. அதுவே சங்கீதமாக இருந்தது.

மூன்று மணிக்கு ஹோட்டல் வாசல். நட்டநடு டவுன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே இருந்து வந்த குளிர்காற்றில் எலுமிச்சம்புல் வாசம். கோமளாவும் பிள்ளைகளும் பைகளோடு, பிளாஸ்டிக் உறைத் தாளோடு, இறங்கிக்கொண்டார்கள். வீரமுத்து வேனைக் கார் நிறுத்தும் கீழ்த்தளத்துக்கு விட்டான்.

இறக்கத்தில் ஒரு மஞ்சள் கம்பி தொங்கியது. உயரம் ரெண்டு மீட்டர்.

வேன் கூரைமேல் பிள்ளைகள் பை வைக்க வீரமுத்துவே பற்றவைத்த கேரியர் இருந்தது. அது கம்பியில் 'டங்' என்று முட்டியது. வீரமுத்து இஞ்சி தின்ற குரங்காகப் பின்னால் பார்த்தான். பின்னால் ஏழு கார். ஏழும் ஹார்ன் அடித்தன. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தவனுக்கு அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

காவலுக்கு நின்ற ஜாகா ஓடி வந்தார். "தா போலே, பாங்! திங்கி சங்காட்!" என்று கையை ஆட்டினார். முடியாது, அண்ணே, ரொம்ப உயரம்.

கட்டிலைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், ஜக்கைப் பார்த்தான். கரண்டிவரைக்கும் விசாரித்தான். பதினெட்டு வருஷமாக வேன் ஓட்டுகிற மனிதன், வேன் உள்ளே போகுமா என்று மட்டும் பார்க்கவில்லை.

ஏழு காரையும் பின்னுக்குத் தள்ளி, வேர்த்துக் கொட்டி, மேலே வந்தபோது கோமளா வாசலில் நின்றாள். அவசரமே இல்லாமல் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"என்னங்க, நொழையலையா?"

"கேரியர் முட்டுது. இந்த டவுன்ல எங்க கொண்டுபோய் நிப்பாட்டறது?"

"அண்ணன் பிளாட்டுக்குக் கீழ நிப்பாட்டிட்டு வாங்க. எடம் சொல்லி வெச்சிருக்கு."

"சரி," என்று வீரமுத்து கியரைப் போட்டான். ரெண்டு சமிக்ஞை விளக்கு தாண்டிய பிறகுதான் உறைத்தது. சொல்லி வெச்சிருக்கா? யார் சொன்னது? யாரிடம்?

செந்தூல் போய்ச் சேரும்வரை வீரமுத்து அதையே கேட்டுக்கொண்டு ஓட்டினான். அடுக்குமாடிக்குக் கீழே, காலி இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காவல் காத்துக்கொண்டு மச்சான் புவனேஸ்வரன் உட்கார்ந்திருந்தார்.

"ஏன், எங்க வீட்டுல சோறு தண்ணி இல்லையா?" வருகிறது, இதோ வருகிறது என்று வீரமுத்து கண்ணை மூடிக்கொண்டு இறங்கினான்.

"மச்சான், அது வந்து, ராகினி டீச்சர் சிவப்பு மையில..."

மச்சான் எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆமாம், கட்டித்தான் பிடித்தார்.

"கோமளா எல்லாம் சொன்னா மாப்ள. முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தறேன், எனக்குத் தோணல பாருங்க. உங்களுக்குத் தோணிச்சே! நீங்க மனுசன்!"

தனக்கு என்ன தோன்றியது என்று வீரமுத்துவுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் காரணம் தெரியாத பாராட்டும் பாராட்டுதான். அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த இடத்தில் ஒரு பை தெரிந்தது. பைக்குப் பக்கத்தில் புதுச் சேலை. சேலைக்குள் இந்திராதேவி. தலையில் மல்லிகைச் சரம், முகத்தில் பள்ளிக்கூடத்து முதல் நாள்.

"தம்பி, ரெண்டு சேலை எடுத்து வெச்சிருக்கேன். போதும்தானே? அங்க என்ன கட்டுவாங்கன்னு தெரியல," என்றார்.

"போதும்க்கா," என்றான் வீரமுத்து. எதற்குப் போதும் என்று அவனுக்கே தெரியாது.

மச்சான் போனில் ஒரு காரைக் கூப்பிட்டு ரெண்டு பேரையும் ஏற்றிவிட்டார். "நீங்க வரலையா மச்சான்?" என்று கேட்டதற்கு, "எனக்கு வீட்டுல வேலை இருக்கு," என்று அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

காரில் இந்திராதேவி பேசிக்கொண்டே வந்தார்.

"உங்களுக்குத் தெரியும்தானே தம்பி, நான் இருபத்திரெண்டு வருஷம் ஹோட்டல் லாண்டரியில இருந்தேன். போன மாசம்தான் நிப்பாட்டினாங்க. ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு மடிச்சிருப்பேன்! ஆனா எங்களுக்குப் பின்பக்கக் கதவுதான். கீழ இறங்கினா மெஷின், மேல ஏறினா பஸ்ஸு. ஒரு நாளு, அந்த விரிப்பு மேல படுத்தா எப்படி இருக்கும்னு கோமளாகிட்ட வெளையாட்டாச் சொன்னேன். அவ, 'அண்ணி, உங்க தம்பிகிட்ட சொல்றேன், அவரு பாத்துக்குவாரு'ன்னா. நான் நம்பல. நீங்க பத்து நாளாத் தேடித் தேடிப் பாத்தீங்களாமே!"

வீரமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு மேம்பாலத்தின் தூண்தான். அதையே ரொம்ப நேரம் பார்த்தான்.

பன்னிரண்டாம் மாடி. கதவைத் திறந்தால், அவன் போனில் பார்த்து ஏங்கிய அதே ரெண்டு கட்டில். வேன் அகலம். பிள்ளைகள் ஒன்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று மடிப்புக் கலையாமல் காத்திருந்தது, அவனுக்காகவே பிறந்தது போல.

வீரமுத்து கோமளாவைக் கழிவறைப் பக்கம் ஒதுக்கினான்.

"அக்கா ராத்திரி எங்க படுப்பாங்க?"

"இங்கதான்."

"அப்ப ஆளு அஞ்சாச்சே? நாலு பேருக்கு மேல தங்க விட மாட்டானே!"

"ஆமாங்க. அதான் நாலு பேரு பேரை மட்டும் குடுத்திருக்கு."

பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். வீரமுத்து முதல் தடவையாக அந்தப் பொடி எழுத்துகளைப் படித்தான். கோமளா. இந்திராதேவி. ஷாந்தினி. ராகினி. ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க. தன் குடியிருப்புத் தாமானில் வீடு வீடாகக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்ட தாளில் அவன் பேர் இல்லை.

"என் பேரு எங்க?"

"எடமில்லீங்க. அஞ்சாவது ஆளு ஈ எறும்பா இருந்தாலும் விட மாட்டான்னீங்களே. வேற ரூமும் கேட்டேன். ஸ்கூல் லீவு, எல்லாம் ஃபுல்."

"அப்ப வேன் உள்ள போகாதுன்னு..."

"தெரியும். மொத வாரமே நான் போன் போட்டுக் கேட்டேன்."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கேக்கலையே. வேனு உள்ள போயிருந்தா நீங்க எதுக்குச் செந்தூலு போகப் போறீங்க? அண்ணியை யாரு முறையா வீட்டு வாசல்ல போயிக் கூட்டியாறது?"

வீரமுத்து மூச்சை இழுத்து, மார்பை விரித்து, ஆம்பிளைக் குரலை எடுத்தான். "கோமளா! எனக்கு இந்தக் கட்டில்..."

அதற்குள் கோமளா அவன் சட்டையைப் பிடித்து அறைக்குள் திருப்பினாள். "அங்க பாருங்க."

இந்திராதேவி அந்த இரண்டாவது கட்டில் பக்கம் நின்றார். உட்காரவில்லை. விரலால் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். மூலையைத் தூக்கிப் பார்த்தார். "ஓரம் சரியா மடிக்கல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, குனிந்து, ஒரு இழுப்பு, ஒரு மடிப்பு, ஒரு செருகல். கத்தி மாதிரி நின்றது மூலை. பிறகு செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, கட்டிலுக்கு உரியவர் வரும்முன் எழுந்துவிட வேண்டும் என்பது போல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தார். சீலிங்கைப் பார்த்தார். மெதுவாகக் கையை அகட்டினார். காலையும் அகட்டினார்.

"ஏயப்பா!" என்றார்.

"பத்தொம்பது வருஷமா," என்று கோமளா அவன் காதோரம் சொன்னாள், "நாம போறப்பல்லாம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நமக்குத் தோசை சுட்டாங்க. நாளைக்கு ஒரு நாளு அவங்களுக்கு யாராச்சும் சுட்டுப் போடட்டுமே. நீங்க வேணாம்னு சொன்னா இப்பவே எழுப்பிடறேன். நீங்களே சொல்லுங்க."

இதற்குப் பெயர் கேட்பதா? கழுத்தில் கத்தி வைத்துவிட்டு 'மாலை போடட்டுமா' என்பது போல் இருந்தது.

"தம்பி," என்று இந்திராதேவி படுத்தபடியே கேட்டார், "நீங்க எங்க படுப்பீங்க?"

"நானாக்கா? எனக்கு மச்சான்கூடப் பேசிக்கிட்டுப் படுத்தாத்தான் தூக்கம் வரும்," என்றான் வீரமுத்து. "அதான் மொதல்லயே அப்படி ஏற்பாடு பண்ணிட்டேன்."

வாழ்க்கையில் அவன் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அது. கோமளா கதவுவரைக்கும் வந்தாள். லிஃப்ட் வரும்வரை அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். ஆனால் அந்தக் காலர் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அதை ரெண்டு தடவை சரி செய்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக ரெண்டு ராத்திரி ஹாலில் படுக்கலாம் என்று வீரமுத்துவுக்குத் தோன்றியது. லிஃப்ட் கீழே இறங்க இறங்க, ஒரு ராத்திரியே அதிகம் என்று தோன்றியது.

ஏழரை மணிக்கு மச்சான் வீடு. மச்சான் கீழே இருந்து ரொட்டி சானாய் வாங்கி வைத்திருந்தார். சாப்பிட்டார்கள். ஹாலில் பாய் விரித்துத் தலையணை போட்டுத் தயாராக இருந்தது. ஒரு பாய்தான். வீரமுத்து எஞ்சினுக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாயில் உட்கார்ந்தான்.

மச்சான் உட்காரவில்லை. முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"சரி மாப்ள, நான் படுக்கறேன்."

"எங்க மச்சான்?"

"என் கட்டில்ல."

"கட்டில்லயா?"

"பின்ன? பத்தொம்பது வருஷமா, லீவு விட்டா நீங்க வந்துடுவீங்க. கட்டில் பொம்பளைங்களுக்குப் போயிடும். எனக்குத் தரையில படுத்தா முதுகு புடிச்சிக்கும் மாப்ள, தூக்கமே வராது. என்ன பண்றது, அதான் விடியவிடிய எதையாச்சும் பேசிக்கிட்டுக் கெடப்பேன். டீசல் எஞ்சின் யாருக்கு வேணும்?"

பத்தொன்பது வருஷமாக ஒரே ஹாலில் ரெண்டு ஆம்பிளைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒருத்தரை ஒருத்தர் நொந்துகொண்டு, ஒரே கட்டிலுக்கு ஏங்கியிருக்கிறார்கள்!

"மச்சான்," என்று மெல்ல ஆரம்பித்தான், "கட்டில் பெரிய கட்டில்தானே... ஓரமா ஒரு ஆளு..."

"டாக்டர் என்னை நல்லா நீட்டி நிமிந்து படுக்கச் சொல்லியிருக்காரு மாப்ள. உங்களுக்கு இது பழகின எடம்தானே," என்று சொல்லிவிட்டு மச்சான் அறைக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது. கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. பிறகு, ஒரு மனிதன் கைகாலை அகட்டும்போது மட்டும் வருகிற பெருமூச்சு ஒன்று கேட்டது. அந்தப் பெருமூச்சு எப்படி இருக்கும் என்று வீரமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை நாள் கனவில் விட்டிருக்கிறான்!

பாயில் சாய்ந்தான். சிமெண்டுத் தரை பழைய சிநேகிதன் மாதிரி முதுகைத் தட்டிக் கொடுத்தது. பேச்சு இல்லை, சத்தம் இல்லை. சரி, இந்த அமைதியிலாவது தூங்கலாம் என்று கண்ணை மூடினான்.

கதவு லேசாகத் திறந்தது. இடுக்கில் மச்சான் முகம்.

"தூங்கிட்டீங்களா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"ஹோட்டல் பாக்கறதுல உங்களை அடிச்சிக்க ஆளே இல்லைன்னு கோமளா இப்பத்தான் போன்ல சொன்னா. அடுத்த வருஷம் ஒரு மூணு நாளைக்கு ரூம் போடுங்க."